வலை முடிச்சு

குருநகர்
12.01.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நீங்கள் அனுப்பிய சப்பாத்தைக் காலில் போட்டுப் பார்த்தேன். முகம் கழுவவில்லை, செபமும் சொல்லவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வந்த பொதி மூன்று கிழமையாக மேசையில் கிடந்தது. சொக்கிளேற்றை அயலுக்குக் கொடுத்து முடித்துவிட்டேன். சப்பாத்தைத் தொடத்தான் கூச்சமாக இருந்தது. கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற நாற்பத்துமூன்று வயதுக்காரிக்கு ஓடுகிற சப்பாத்து எதற்கு? உள்ளே நீங்கள் வைத்திருந்த காகிதத் துண்டில் ஒரே ஒரு சொல்: "ஓடு."

ஓடினேன். இறங்குதுறை வரைக்கும்தான். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வர, பக்கத்து வீட்டு லூர்த்தம்மாக்கா வாசல் படலையில் நின்றா.

"என்ன மேர்சி, ஆர் துரத்தினது?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. சும்மா ஓடினனான்."

"சும்மா ஆரும் ஓடுவினமோ? நாய் கடிச்சிருந்தாச் சொல்லு. ஊசி போடோணும்."

ஏன் இந்தச் சப்பாத்து என்று போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அங்கே போன் எப்போதும் மேசை நடுவில் சத்தமாகக் கிடக்கும். தம்பி, அவன் மனைவி, மகள் மதுரா, தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து கதைக்கும். கடிதம் என்றால் உங்களுக்கு மட்டும்.

நான் சுகம். வீடும் சுகம். கூரையில் ஒரு ஓடு மாற்றினேன். ஸ்காபரோவில் பனி கடுமையா? முழங்கால் நோ எப்படி? மதுரா பிறந்தபோது "ஆறு மாசம் நிண்டிட்டு வாறன்" என்று சொல்லிப் போனீர்கள். இந்த ஆனியோடு அவளுக்குப் பதினாலு வயது. குறையாகச் சொல்லவில்லை, ஞாபகம் வந்ததால் எழுதினேன்.

உங்கள் மகள்
மேர்சி


ஸ்காபரோ
02.02.2025

என்ரை பிள்ளை மேர்சிக்கு அம்மா எழுதிறது,

மாதா உன்னைக் காக்கட்டும். நாங்கள் எல்லாரும் சுகம். கதைக்கிற மாதிரித்தான் எழுதிறன், சிரியாதை. பேனை மொத்தமா இருக்கு. சின்ன எழுத்து எழுத இப்ப பஞ்சி, மனம் வருகுதில்லை.

இஞ்சை பூங்காவிலை செவ்வாயும் வியாழனும் வயசுபோன ஆக்கள் சேர்ந்து ஓடுறம். ஓட்டம் எண்டு நாங்கள் சொல்லுறம், பாக்கிற ஆக்கள் நடை எண்டுவினம். குளிருக்கை ஓடத் தொடங்கினாப் பிறகு முழங்கால் நோ குறைஞ்சிருக்கு.

வாற ஆடி, கோயில் திருநாள் மரதனுக்கு நான் வாறன். நீயும் நானும் சேர்ந்து ஓடுவம். அதுக்குத்தான் சப்பாத்து. நாப்பத்திரண்டு கிலோமீற்றர் ஓடினாத்தான் மரதன் எண்டு இஞ்சத்தை ஆக்கள் சொல்லுவினம். எங்கடை பன்னிரண்டும் மரதன்தான்.

நான் குமரியா இருக்கேக்கை பொம்பிளையளை ஓட விடேல்லை. கொழும்புத்துறைக்கு அங்காலை திரும்புற இடத்திலை ஓடி வாற ஆம்பிளையளின்ரை கையிலை நாடா கட்ட விட்டவை. கையிலை அந்தச் சிவப்பு நாடா இல்லாட்டி, முதலாவதா வந்தாலும் திரும்பினதுக்கு அத்தாட்சி இல்லை. மூண்டு வருசம் நூறு நூறு பேருக்குக் கட்டினன். கிழிஞ்ச வலை பொத்துற வீட்டுப் பிள்ளை, வலை முடிச்சுத்தான் போடுவன். ஒண்டும் அவிழேல்லை. உன்ரை கொப்பர் அடுத்தநாள் விடிய என்னட்டைக் கையை நீட்டிக்கொண்டு வந்து நிண்டார். அவிழ்க்கத் தெரியேல்லையாம், வீட்டிலை கத்தியும் இல்லையாம். மீன் வெட்டுற வீட்டிலை.

நீ ஒரு வேலை செய். எங்கை பள்ளம், எங்கை திட்டி, எங்கை வளைவு எண்டு அந்த றோட்டை வடிவா எழுதி அனுப்பு. பெரிசா எழுது. லூர்த்தம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

அன்புள்ள அம்மா
அற்புதராணி


குருநகர்
23.02.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். அப்பாவின் கத்திக் கதையை இதுவரை ஏன் சொல்லவில்லை?

கொப்பியோடு சைக்கிளில் போய் வீதியைப் பார்த்து வந்தேன். கோயில் வாசலில் இருந்து ஐஸ் கொம்பனி வளைவு வரை நேர் வீதி. புதுத் தார், ஒரு கல்லும் இல்லை. பாசையூர்ச் சந்தையடியில் மீன் கழுவிய தண்ணீர் ஓடும், வழுக்கும். அதைத் தாண்டி இடப்பக்கம் வாய்க்கால் மூடி ஒன்று இல்லை. கொழும்புத்துறையில் காற்று மணலைக் கொண்டுவந்து வீதியில் போட்டிருக்கிறது. திரும்புகிற இடத்தில் இப்போதும் ஒரு வேம்பு நிற்கிறது. நீங்கள் நாடா கட்டிய காலத்து வேம்பா என்று தெரியவில்லை.

நான் இப்போது பாசையூர் வரை நிற்காமல் ஓடுகிறேன். மரதன் நடத்துகிற கழகத்துச் செயலாளர் ஜெனிஸ்ரனிடம் இரண்டு பெயர் கொடுத்துவிட்டேன். உங்கள் வயதைக் கேட்டு எழுதிவிட்டு, மறுபடி கேட்டு மறுபடி எழுதினான்.

ஒன்று கேட்க வேண்டும். முன்பு ஒரு பக்கத்தில் எழுதுகிறதை இந்த முறை நாலு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். வரிகள் வலப்பக்கம் போகப் போக மேலே ஏறுகின்றன. பேனை மொத்தம் என்பது மட்டும்தான் காரணமா?

மேர்சி


குருநகர்
06.04.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? ஆறு கிழமையாகப் பதில் இல்லை. போன ஞாயிறு போன் எடுத்தேன். "அம்மா படுத்திட்டா" என்றான் தம்பி சுபாஸ். அங்கே பகல் பதினொரு மணி. பகலில் படுக்கிற பழக்கம் உங்களுக்கு எப்போதிருந்து? "அம்மாவுக்கு என்னடா?" என்று கேட்டேன். "ஒண்டும் இல்லை அக்கா, வயசுதானே" என்றான்.

வர முடியாமல் இருந்தால் அதையாவது எழுதுங்கள். நான் கோபிக்க மாட்டேன். காலையில் ஓடுகிறபோது வலப்பக்கம் ஒரு ஆள் ஓட இடம் விட்டுத்தான் ஓடிப் பழகுகிறேன்.

மேர்சி


ஸ்காபரோ
21.04.2025

என்ரை பிள்ளைக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. கோபிக்காதை. மூண்டு கடிதம் எழுதிக் கிழிச்சன். வரிக்கு மேலை வரி எழுதிப்போட்டன் எண்டு மதுரா சொன்னாள்.

கண்தான் பிள்ளை. போன வருசமே தொடங்கிட்டுது. எதைப் பாத்தாலும் நடுவிலை ஒரு புகை. ஆளைப் பாத்தா முகம் இல்லை, காதும் தோடும் தெரியுது. மதுராவைத் தோட்டை வைச்சுத்தான் பிடிக்கிறன். மாசத்துக்கு ஒருக்காக் கண்ணுக்கை ஊசி போடுகினம். இருக்கிறதைக் காப்பாத்தத்தான் அந்த ஊசி, போனது வராதாம். உனக்குச் சொல்ல வேண்டாம் எண்டு நான்தான் சுபாஸைத் தடுத்தனான். உவனைப் பேசாதை.

பூங்காவிலை ஒரு சீனத்து மனுசி என்னோடை ஓடுறா. ஒரு கயிறு, ஒரு நுனி அவவின்ரை கையிலை, மற்றது என்ரை கையிலை. அவவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீசு ஓடாது. கயிறுதான் எங்களுக்குப் பாசை.

எங்கடை றோட்டிலை நீ என்னைக் கட்டிக்கொண்டு ஓடுவியோ?

தொண்ணூற்றைஞ்சிலை சண்டைக்குப் பயந்து ஊரோடை வெளிக்கிட்ட அண்டு உன்னை என்ரை கையோடை சீலைத்துண்டாலை கட்டினனான். மற்றக் கையிலை சுபாஸ். நாவற்குழிப் பாலத்திலை பாத்தா என்ரை கையிலை துண்டு மட்டும் தொங்குது. மூண்டு நாள் உன்னைத் தேடினன். ஊராற்றை பிள்ளையளுக்குக் கட்டினது ஒண்டும் அவிழேல்லை. என்ரை பிள்ளைக்குக் கட்டினதுதான் அவிழ்ந்தது. பயத்திலை கை நடுங்கினதோ, மழையிலை துணி இளகினதோ, இண்டைக்கும் விளங்கேல்லை. இந்தமுறை முடிச்சை நீ போடு. என்னிலை எனக்கு நம்பிக்கை இல்லை.

அம்மா


குருநகர்
06.05.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓடுவேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

அழுதேன், பிறகு லூர்த்தம்மாக்காவிடம் போனேன். இப்போது நாங்கள் இருவரும் பயிற்சி செய்கிறோம். அக்காவின் கண்ணைத் துவாயால் கட்டி, கையையும் என் கையையும் ஒரு நாடாவால் கட்டி, விடியக் கடற்கரை வீதியில் நடக்கிறோம்.

"இடப்பக்கம் பள்ளம் அக்கா. வலக்கைப் பக்கம் வாங்கோ."

"வலக்கை எது? கண்ணைக் கட்டினாப் பிறகு எல்லாக் கையும் ஒண்டுதான்."

வலை இழுத்துக்கொண்டு நின்ற ஒருவர் கூப்பிட்டார். "மேர்சி, அக்காவை எங்கை விக்கக் கொண்டுபோறாய்?"

"வாங்க ஆள் இருந்தாச் சொல்லு தம்பி," என்றா அக்கா, துவாய்க்குள் இருந்தபடியே. "இவள் விலை குறைச்சுப்போடுவாள், நானே கதைக்கிறன்."

ஒன்று கற்றுக்கொண்டேன். நாடாவை இழுக்கக் கூடாது. இழுத்தால் அக்கா நின்றுவிடுகிறா. கொஞ்சம் தொய்வாக விட்டால்தான் தன் காலால் வருகிறா.

கட்டிக்கொண்டு ஓடினால் ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று கழகத்தில் கூட்டம் வைத்தார்கள். இரண்டு ஆள்தான், இரண்டு நாடா என்று ஜெனிஸ்ரன் முடிவு சொன்னான். உங்கள் இலக்கம் நாற்பத்தொன்று, எனது நாற்பத்திரண்டு.

பாலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நேரே கதைப்போம்.

ஊசி நோகுமா?

மேர்சி


(அனுப்பாத கடிதம்)
07.05.2025

அம்மா,

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுதிப் பார்க்கிறேன்.

உங்கள் முடிச்சு அவிழவில்லை. நான்தான் அவிழ்த்தேன். செம்மணி வெளியில் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பக்கத்தில் வந்தார்கள். "மேர்சியை ஆட்டுக்குட்டி மாதிரிக் கட்டிக்கொண்டு போகினம்" என்று சிரித்தார்கள். எனக்குப் பதினாலு வயது. அத்தனை சனம் சாகப் பயந்து நடக்கிறது, எனக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது. நகத்தால் முடியவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தேன். நீங்கள் தம்பியைத் தோளில் மாற்றிக்கொண்டிருந்தீர்கள், பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் திரும்ப உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பாலத்தில் சனம் தள்ளியது.

சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் என்னைக் கண்டுபிடித்தபோது "அம்மான்ரை பிழை, அம்மான்ரை பிழை" என்று சொல்லிச் சொல்லி அழுதீர்கள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருடமாக ஒவ்வொரு வருடமும் சொல்வது முந்தைய வருடத்தை விடக் கடினமாகிக்கொண்டு வந்தது.

இதை அனுப்பினால் உங்கள் கண்ணுக்கு இவ்வளவும் தெரியுமா? பாதியில் நிறுத்தி மதுராவிடம் கொடுப்பீர்களா?


ஸ்காபரோ
01.06.2025

என்ரை பிள்ளைக்கு,

சுகம்தானே? ஊசி நோகாது, பயம்தான்.

உவன் சுபாஸுக்கு மரதன் தெரிஞ்சுபோச்சு. கோயிலுக்கு எண்டுதான் சொல்லி வைச்சனான். மதுரா வாய்தவறிச் சொல்லிப்போட்டாள்.

"விழுந்து இடுப்பை முறிச்சா என்னம்மா செய்யிறது?" எண்டான்.

"இடுப்பு என்ரைதானே" எண்டன்.

இரண்டு நாள் கதைக்கேல்லை. மூண்டாம் நாள் ரிக்கற் போட்டுக்கொண்டு வந்து தந்தான். யூலை எட்டிலை வெளிக்கிடுறன். ஓகஸ்ட் பதினொண்டிலை திரும்போணும், பதின்மூண்டிலை ஊசி.

உன்ரை கடிதத்திலை அரைவாசிதான் எனக்குப் பிடிபட்டது. மிச்சத்தை மதுரா வாசிச்சவள். லூர்த்தம்மாவை விக்கிற கதைக்கு வீடே சிரிச்சது. இனி உப்பிடித்தான் பிள்ளை, எல்லாரும் கேக்கத்தான் உன்ரை கடிதம் எனக்கு வரும். நேரே கதைக்க இருக்கிறதை நேரேயே சொல்லு, எழுதாதை.

அம்மா


குருநகர்
17.08.2025

அன்புள்ள அம்மாவுக்கு, வாசிக்கிற மதுராவுக்கும்,

சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக சுபாஸ் சொன்னான். இன்று காலை எழுந்ததும் உங்கள் கட்டிலைத் தட்டி விரித்தேன். பிறகுதான் ஆள் இல்லை என்பது உறைத்தது.

மதுரா, நீ கேட்டாயாம், ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

விடிய ஆறு மணிக்குத் தொடங்கியது. எங்கள் இருவர் கையையும் சேர்த்து நான் போட்ட முடிச்சு கோயில் வாசலிலேயே இரண்டு தரம் கழன்றது. "விடு, கொண்டா" என்று அப்பம்மா வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையாலும் பல்லாலும் வலை முடிச்சுப் போட்டா. பாசையூர்ச் சந்தையில் சனம் எழும்பி நின்று கையைத் தட்டியது. "அற்புதமக்கா, கனடாக் காலோ அது?" என்று ஒரு மனுசி கேட்டா. "கால் குருநகர், சப்பாத்துத்தான் கனடா" என்று நிற்காமலே பதில் சொன்னா. நான் பள்ளத்தைச் சொல்ல முதல் அவவே மணத்தில் பிடித்துச் சொன்னா: இது ஐஸ் கொம்பனி, இது கருவாட்டு வாடி, இனிக் காற்று வரும்.

வேப்பமரத்தடியில் நாடா கட்ட ஒரு சின்னப் பெட்டை நின்றாள். அப்பம்மா கையை நீட்டினா. அவள் கட்டி முடித்ததும் தடவிப் பார்த்து, "பூ முடிச்சுப் போட்டிருக்கிறாய் பிள்ளை, இது வீடு வரைக்கும் வராது" என்று அவிழ்த்து, அவளுக்கு வலை முடிச்சைக் காட்டிக் கொடுத்தா. ஐந்து நிமிடம். எங்களுக்குப் பின்னால் ஓட ஆள் இல்லாதபடியால் ஒருவரும் ஏசவில்லை.

அம்மா, மிச்சம் உங்களுக்கு.

ஐஸ் கொம்பனி வளைவில் நீங்கள் நின்றீர்கள். "இனி நேர் றோட்டு. எனக்குத் தெரியும். அவிழ்த்துவிடு, ஒருக்கா நானா ஓடிப் பாக்கிறன்" என்றீர்கள். நகத்தால் பார்த்தேன், முடியவில்லை. குனிந்து பல்லால் கடித்தேன். அவிழ்ந்தபோது, உங்கள் கையை விடாமல், ஒன்று சொன்னேன். ஐந்தே சொல். அந்த நேரம் பார்த்துக் கோயிலில் பாண்ட் வாத்தியம் தொடங்கிவிட்டது. நீங்கள் அவிழ்ந்த நாடாவைச் சுருட்டி என்னிடம் தந்தீர்கள். பிறகு கையை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள். முந்நூறு யார் தூரம். நான் பின்னால் வந்தேன். முடிவுக் கோட்டைக் கடந்து சிவப்பு நாடா கட்டிய கையை மேலே தூக்கினீர்கள். படம் என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று கிழமை ஒரே வீட்டில் இருந்தோம். நீங்களும் கேட்கவில்லை, நானும் திருப்பிச் சொல்லவில்லை. உங்களுக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

ஊசி எப்படி?

மேர்சி


ஸ்காபரோ
14.09.2025

அன்புள்ள மாமிக்கு,

அப்பம்மா சொல்லச் சொல்ல மதுரா எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அப்பம்மா சுகம். ஊசி போட்டாயிற்று. டொக்டர் இந்த முறை அதிகம் கதைக்கவில்லை. சீன அன்ரிக்குச் சிவப்பு நாடாவைக் காட்டினோம். அவ அதைக் கையில் வைத்துக் கன நேரம் பார்த்தா. அப்பம்மா அதை இன்னும் அவிழ்க்கவில்லை. குளிக்கிறபோதும் கையில் கிடக்கிறது. அப்பா கத்தரிக்கோல் கொண்டுவந்தார், ஏச்சு வாங்கிக்கொண்டு போனார். இங்கே தனியே வெளியே போக விடுகிறார்கள் இல்லை என்றும், அங்கே சந்தைக்குத் தனியே போய் வந்தது கனவில் வருகிறது என்றும் எழுதச் சொல்கிறா. லூர்த்தம்மா அன்ரியை விற்றாயிற்றா என்றும் கேட்கிறா.

இப்போது அப்பம்மா பேனையை வாங்குகிறா. தானே எழுதப் போகிறாவாம். என்னை வெளியே போகச் சொல்கிறா.

மதுரா

என்ரை முடிச்சிலை
பிழை இல்லை.
முப்பது வருசத்துக்குப்
பிறகு நித்திரை வருது.
பிள்ளை அந்த மூண்டு
நாளும் நீ என்ன
சாப்பிட்டனி


(அனுப்பாத கடிதம்)
குருநகர்
05.10.2025

அம்மா,

இதைச் சின்ன எழுத்தில் எழுதுகிறேன். உங்களால் வாசிக்க முடியாது, மதுராவிடம் கொடுக்கப்போவதும் இல்லை. நான் ஒழுங்காக நினைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் கொடிகாமத்துக் கிழவர் ஒருவர் அரைவாசி வாழைப்பழம் தந்தார். மற்றப் பாதி அவருக்கு. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் கஞ்சி ஊற்றினார்கள். ஏந்தப் பாத்திரம் இல்லை. யாரோ ஒரு சிரட்டை தந்தார்கள். இதையெல்லாம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கிற ஒரே ஆளிடம் இருந்து நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

இந்தப் பதினாலு வருடத்தில் எத்தனை கடிதம் எழுதியிருப்பேன். "சுகமாக இருங்கள்" என்று எழுதினேன். "பிள்ளையைப் பாருங்கள்" என்று எழுதினேன். ஒருதரம் கூட "வாங்கோ" என்று எழுதவில்லை. அவிழ்த்துக்கொண்டு போனவளுக்குக் கூப்பிடுகிற உரிமை இல்லை என்று எனக்குள் ஒரு சட்டம் இருந்திருக்கிறது. உங்கள் ஏழு வரியை வாசித்த பிறகுதான் அது இருந்ததே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கண் கிளினிக்குக்குப் போனேன். அதே ஊசி இங்கேயும் போடுகிறார்கள். அங்குள்ள மருத்துவக் குறிப்புகளைக் கொண்டுவந்தால் விடாமல் தொடரலாம் என்று டொக்டர் சொன்னார். எதற்கு லீவு என்று கந்தோரில் கேட்டார்கள், பல்லுக் கொதி என்றேன். லூர்த்தம்மாக்காவுக்கும் சொல்லவில்லை. சுபாஸ் கோபிப்பான், பிறகு ரிக்கற் போடுவான். மதுரா அழுவாள். அவளை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீங்கள் வரமாட்டேன் என்றும் சொல்லலாம். இழுக்க மாட்டேன்.

போன மாதத்துக் கலண்டர் தாளைக் கிழித்து மேசையில் வைத்திருக்கிறேன். பின்பக்கம் முழு வெள்ளை. கடையில் இருந்ததிலேயே மொத்தமான கறுப்புப் பேனை வாங்கினேன். தாள் முழுக்க ஒரே சொல் எழுதினால் உங்கள் கண்ணின் ஓரத்துக்காவது தெரியும், யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. சப்பாத்துக்குள் நீங்கள் ஒரு சொல்தான் வைத்து அனுப்பினீர்கள். நாளைக்குக் கந்தோருக்குப் போகிற வழியில் நானும் ஒன்று தபாலில் போடப்போகிறேன்.

"வாங்கோ."